மூன்றாவது பிளக்கின் குழியில்

விஜயதசமி கழிந்த திங்கட்கிழமை காலை, மாணிக்கவாசகத்தின் கார் தெருவில் நாலு வீடு தாண்டுவதற்குள் உதறத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உதறல், காலை எடுத்தால் விக்கல். தெருமுனை வந்ததும் ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். மாணிக்கவாசகம் கண்ணாடியை இறக்கி அதைவிடச் சுத்தமான கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தார். திட்டுவதற்கு மட்டும் அவருக்கு எந்த மொழியிலும் பஞ்சம் வந்ததில்லை.

மைசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவர் சூப்பர்வைசர். ஒரு உதிரிபாகம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால், அது எந்த மிஷினில், எந்த ஷிப்டில், யார் கையில் கெட்டது என்று கண்டுபிடித்து மேலிடத்துக்குப் பெயர் கொடுப்பது அவர் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி சட்டையோடு கழன்று விழாது. பால் பொங்கி வழிந்தால் யார் காரணம், பல்பு எரிந்துபோனால் யார் காரணம், மகளுக்குச் சளி பிடித்தால் யார் காரணம்? காரணம் அநேகமாக மனைவி பாக்கியலட்சுமியாக இருப்பார். மகள் அனுப்ரியாவும் அவ்வப்போது மாட்டுவாள். மாணிக்கவாசகம் காரணமாக இருந்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் ஒரு சம்பவமும் கிடையாது.

காரைத் தள்ளி வந்து வாசலில் நிறுத்தியதும் விசாரணை தொடங்கியது.

"ஆடி மாசம் உங்க அண்ணன் ஊருக்கு எடுத்துட்டுப் போனாரே, அன்னைக்கே நெனச்சேன். கண்ட பங்க்ல கண்ட பெட்ரோலப் போட்டிருப்பார்."

"ஆடி மாசம் போட்ட பெட்ரோல் ஐப்பசி வரைக்குமா இருக்கும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓட்டினீங்க?" என்றார் பாக்கியலட்சுமி.

"வாயாடாத. பிளக் போயிருக்கு. நானே மாத்திக்கிறேன்."

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்து அனுப்புவான் என்பது அவர் கொள்கை. அதனால் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வார். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி ஸ்பார்க் பிளக்கிலிருந்துதான் வருகிறது, அது கெட்டால் வண்டி இப்படித்தான் விக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றுவதற்கென்றே உள்ளே ரப்பர் வைத்த நீள ஸ்பானரும் வாங்கி வைத்திருந்தார். போனில் இரண்டு வீடியோக்களையும் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் தூக்கினார். மேல்மூடியைக் கழற்றினார். பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில்கள் வரிசையாக நான்கு, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆழமான குழி, குழியின் அடியில் ஒரு பிளக். முதல் காயிலின் ஒயரைப் பிரித்து, போல்ட்டைக் கழற்றி, மெல்ல அசைத்து மேலே இழுத்தார். ரப்பர் குழாயின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தார். குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. லேசான சிவப்பு நிறம். துருவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"பாக்கியம்! இங்க வா! எஞ்சினுக்குள்ள எவனோ தண்ணி ஊத்தியிருக்கான்!"

பாக்கியலட்சுமி வந்து எட்டிப் பார்த்தார். "மழைத் தண்ணியா இருக்குமோ?"

"மூடியிருக்கிற பானெட்டுக்குள்ள மழை எப்படி வரும்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு."

"அப்ப மூடியிருக்கிற பானெட்டுக்குள்ள மனுஷன் மட்டும் எப்படிங்க ஊத்துவான்? அதத் திறக்கிற லீவர் காருக்குள்ளதானே இருக்கு? கார்ச் சாவி உங்க பாக்கெட்ல இருக்கு."

நல்ல கேள்வி. ஆனால் மனைவி கேட்ட கேள்வி. அதனால் அதற்கு அந்த வீட்டில் மதிப்பு இல்லை.

"அவனுங்களுக்கு ஒரு கம்பி போதும். எதையும் திறப்பானுங்க."

"எவனுங்களுக்கு?"

"வேற யாரு? ஜடையன்தான்."

ஜடையன் அந்தத் தெருவில் கார் கழுவுகிறவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு தமிழ்தான். விடிவதற்கு முன்பே வாளியும் துணியுமாக வந்து ஒவ்வொரு வாசலாகக் கழுவிக்கொண்டே போவார். அந்தத் தெருக் கார்கள்தான் அவர் வீட்டுக்குச் சோறு. மாணிக்கவாசகமும் அவரைத்தான் வைத்திருந்தார். கண்ணாடியில் ஒரு மூலையில் சோப்புத் தடம் இருந்தது என்று ஆறு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார். ஆயுத பூஜையன்று ஜடையன் எல்லா வீட்டிலும் பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு பழைய பழக்கத்தில் இவர் வாசலிலும் வந்து நின்றார். "உனக்கும் என் வண்டிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று இவர் கேட்டதும் ஜடையன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு இப்போது மாணிக்கவாசகத்தின் நினைவில் வேறு விதமாகத் தெரிந்தது. சதிகாரச் சிரிப்பாகத் தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டான். தரக்கட்டுப்பாட்டு மூளைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

குழிக்குள் டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்தார். தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார்.

அனுப்ரியா ஓடி வந்து போனைப் பிடித்தாள். கல்லூரியில் படிக்கிற பெண், தமிழைவிடக் கன்னடம் சரளமாக வரும். "பேடப்பா, வேண்டாம்ப்பா, ப்ளீஸ். பேர் போடாதீங்க. நீங்க பாக்கலியே!"

"பார்த்தாத்தான் தெரியணுமா? புகை வந்தா நெருப்பு இருக்குன்னு தெரியாது?"

கன்னடத்தில் எழுதினார். 'எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள். இனாம் கொடுக்காத கோபத்தில் கார் கழுவும் ஜடையன் என் எஞ்சினில் தண்ணீர் ஊற்றிவிட்டான். இன்று என் கார், நாளை உங்கள் கார்.' போட்டோவையும் சேர்த்து அனுப்பினார்.

தீபாவளிச் சரவெடி மாதிரி பதில்கள் விழுந்தன. ஒருவர் கோப முகம் போட்டார். இன்னொருவருக்கு, எப்போதோ காணாமல் போன வைப்பர் பிளேடு நினைவுக்கு வந்தது. மூன்றாமவர் தன் கதவில் இருந்த கீறலைப் போட்டோ பிடித்துப் போட்டார். அந்தக் கீறலை அவர் பையனின் சைக்கிள் போட்டதை அந்தத் தெருவே பார்த்திருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. பானெட்டை எப்படித் திறந்தான் என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆறேழு வீடுகள் ஜடையனை நிறுத்திவிட்டதாக அறிவித்திருந்தன. மாணிக்கவாசகம் இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஜடையன் கேட்டில் வந்து நின்றார். கையில் ஈரத்துணி. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவின் காரைப் பாதி கழுவிய நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க சாமி, நானு உங்க வண்டியத் தொட்டே ஆறு மாசமாச்சுங்களே. என்னமோ தண்ணிய ஊத்திப்போட்டன்னு சொல்றாங்க. வேலைக்கு வராதேன்னு ஒவ்வொரு வூட்லயும் தொரத்தறாங்க. எனக்கு என்னத்துக்குங்க அந்தப் புத்தி?"

மாணிக்கவாசகம் கன்னடத்தில் பதில் சொன்னார். தமிழில் பேசினால் அந்த ஆளும் தானும் ஒரே ரகம் என்று தெரு நினைத்துவிடும் என்பது அவருக்கு உள்ளூர இருந்த பயம். "நாடகம் ஆடாதே. போலீசுக்குப் போகாமல் விட்டேனே, அதற்குக் கும்பிடு போடு."

"போலீசுக்கே போலாங்க சாமி. வாங்க, இப்பவே போலாம். நானு ஊத்துனன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு வாசல்களில் தலைகள் முளைத்தன. கௌரம்மா தன் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் உடனே தலையாட்டுகிறவர் இல்லை. குழுவில் எல்லோரும் ஜடையனை நிறுத்தியபோது இவர் மட்டும் நிறுத்தவில்லை. மாணிக்கவாசகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நீவு நோடித்ரா?"

நீங்கள் பார்த்தீர்களா? அவ்வளவுதான் கேள்வி. இல்லை என்று சொன்னால் விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கார் கழுவுகிறவன் முன்னால், தெருவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற ஒரு பொம்பளை முன்னால், சூப்பர்வைசர் மாணிக்கவாசகம் இல்லை என்று சொல்வதா?

"நோடிதே," என்றார். பார்த்தேன்.

கௌரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வதந்தியை நம்பி ஒரு ஆளை நிறுத்துகிறவர் இல்லை அவர். ஆனால் கண்ணால் பார்த்தேன் என்று படித்த மனிதர் ஒருவர் தெருவில் நின்று சொல்லும்போது என்ன செய்வது? "வாளியை வைத்துவிட்டுப் போ," என்றார் ஜடையனிடம். அது அவர் வீட்டு வாளி. ஜடையன் வாளியைக் கவிழ்த்து வைத்தார். துணியைப் பிழிந்து நான்காக மடித்து அதன்மேல் போட்டார். பாதிக் காரில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அவருடைய கடைசி வீடும் போயிற்று.

உள்ளே வந்ததும் பாக்கியலட்சுமி வழியை மறித்து நின்றார்.

"எப்பங்க பார்த்தீங்க?"

"டிபன் எடுத்து வை."

"எப்பப் பார்த்தீங்கன்னு கேக்கறேன்."

"நான் என்ன கோர்ட்டுலயா நிக்கறேன்? எடுத்து வைடின்னா எடுத்து வை!"

பாக்கியலட்சுமி எடுத்து வைத்தார். தட்டு மேஜையில் விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

அந்த வாரம் முழுக்க அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் குழியை மட்டும் துணியால் ஒற்றிவிட்டுக் கழற்றிய பழைய பிளக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பன்னிமண்டபம் ஏரியாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் பிளக்கின் மேல் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு அதே நம்பரில் சாதாரணப் பிளக் எடுத்து வைத்தார். மாணிக்கவாசகத்துக்குத் திருப்தியில்லை. விலை கூடின இரிடியம் பிளக்கைக் காட்டச் சொன்னார். வீடியோவில் சொன்னதெல்லாம் நினைவுபடுத்தி, சூடு தாங்கும் அளவு என்ன, திருகு மறையின் நீளம் என்ன என்று துளைத்து எடுத்தார். பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார். மறை ஒரு நூல் நீளமாக இருந்தால்கூட உள்ளே பிஸ்டனில் இடித்து எஞ்சினையே உடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நுனியில் இருக்கிற இடைவெளியையும் ஒன்றொன்றாகச் சோதித்தார். நான்கில் ஒன்றில் இடைவெளி சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால் சண்டை போட்டு மாற்றி வாங்கினார்.

ஒரு பிளக்கின் பேரையும் நம்பரையும் மூன்று முறை சரிபார்த்த மனிதர்தான் அவர். ஜடையனின் பேரை எழுதும்போது ஒரு முறைகூடச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினார். குழியில் தண்ணீரை விட்டுவைத்துப் பிளக்கைக் கழற்றினால் அது எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அதனால் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, மிச்சமிருந்த குழிகளையும் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். முதல் குழி, இரண்டாவது குழி, இரண்டிலும் புதுப் பிளக் உட்கார்ந்தது. முதலில் கையாலேயே சுற்றி, மறை சரியாகப் பிடித்ததும் ஸ்பானரால் அளவாக இறுக்கினார். நல்ல வேலைக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது குழியில் திரியை விட்டு எடுத்தபோது துணியில் என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. நீளமாக, மஞ்சளாக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செவ்வந்திப் பூவின் இதழ். அதைச் சுற்றிக் குங்குமச் சிவப்பும் குழைந்த சந்தனமும். முகர்ந்து பார்த்தார். பூஜை அறை வாசனை அடித்தது.

மாணிக்கவாசகம் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லோரும் வண்டிக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். எஞ்சின்தான் வண்டியின் உயிர், வெறும் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம் என்று மேல்மூடியைக் கழற்றி நான்கு காயில்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தலைக்கு ஒரு செவ்வந்தியும் செருகியவர் அவர் ஒருவர்தான். மறுநாள், தெருவே தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரியைப் பார்க்கப் போயிருந்த மத்தியானத்தில், குங்குமக் கறை எஞ்சினில் படிந்துவிடக் கூடாதே என்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஹோஸ் பைப்பைப் பிடித்து, நன்றாக வேகம் வைத்து, பீய்ச்சிக் கழுவியவரும் அவரேதான். கழுவி முடித்து மூடியைப் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டு, தன் சுத்தத்தைத் தானே மெச்சிக்கொண்டார். அத்தனையும் எப்படி மறந்தது? மறக்கவில்லை. தான் செய்த காரியம் ஒன்று தப்பாக இருக்கக்கூடும் என்ற பக்கமே அவர் மூளை போய்ப் பழகியிருக்கவில்லை.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பாக்கியலட்சுமி காபியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை துணியில் இருந்தது.

"அது நம்ம பூஜைப் பூதானே?"

மாணிக்கவாசகம் துணியைச் சுருட்டினார். "சும்மா இரு."

"எஞ்சினுக்குள்ள பொட்டு வச்சது நீங்கதானே? தண்ணி விட்டுக் கழுவினதும் நீங்கதானே? அன்னைக்கு நாங்க சவாரி பார்த்துட்டு வந்தப்ப ஹோஸ் பைப்பு வாசல்ல கெடந்துச்சு, நான்தான் சுருட்டி வச்சேன். செடிக்கு விட்டீங்கன்னு நெனச்சேன்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. யார்கிட்டயும் சொல்லாத."

"அந்த ஆளோட பொழப்பு போச்சேங்க!"

"நான் இப்ப போய் நான்தான் செஞ்சேன்னு சொன்னா என் மானம் என்ன ஆகும்? பார்த்தேன்னு வேற சொல்லியிருக்கேன். நாளைக்கு இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

"ஒங்களுக்கு இருக்கிறது மானம். அவருக்கு இருக்கிறது என்ன, மண்ணாங்கட்டியா?" காபி டம்ளரைத் திண்டுமேல் டொக்கென்று வைத்தார் பாக்கியலட்சுமி. "நீங்க சொல்ற வரைக்கும் நான் இந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்."

நான்காவது பிளக்கையும் மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரு விக்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை. வண்டி அவ்வளவு நன்றாக ஓடி அவர் பார்த்ததே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் உடனே அணைத்தார்.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் மனிதர்கள் பேசிக்கொண்டது குறைவு, பாத்திரங்கள் பேசியதுதான் அதிகம். அனுப்ரியாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கல்லூரி வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று அப்பா கூப்பிட்டதற்கு, "எனக்குப் பஸ் இருக்கு," என்று திரும்பிப் பார்க்காமல் போனாள். மாணிக்கவாசகம் முறைத்துப் பார்த்தார், கத்திப் பார்த்தார், ஒரு நாள் சாப்பிடாமலும் படுத்துப் பார்த்தார். யாரும் வந்து சமாதானம் செய்யவில்லை. ஆறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தெருவில் கௌரம்மா வணக்கம் சொன்னால் மட்டும் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில் சிக்னலில் வண்டி நின்றது. ஓரமாக, கூலி வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். மண்வெட்டியும் சட்டியுமாக ஆண்களும் பெண்களும் நின்றிருந்தார்கள். ஒரு மேஸ்திரி வந்து திடமான ஆட்களாகப் பார்த்துத் தோளைத் தட்டி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நரைத்த தலையோடு ஒருவர் முன்னால் வந்தார். மேஸ்திரி அவரைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். ஒதுக்கப்பட்டவர் ஜடையன். டெம்போ போனதும் திரும்பினார். அவர் கண் முதலில் காரின் சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தது. கழுவிப் பழகிய கண். பிறகுதான் உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் ஜடையன் காறித் தரையில் துப்பிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பின்னால் ஹாரன்கள் அலறின. அன்று மாணிக்கவாசகம் யாரையும் திருப்பித் திட்டவில்லை.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு ரிங் ரோடு தாண்டி ஜடையன் குடியிருந்த வரிசை வீட்டுக்குப் போனார். கையில் ஆப்பிள் பை. ஜடையன் இல்லை. அவர் மனைவி மாதேவி கதவைப் பாதி திறந்து, யாரென்று தெரிந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்துக்கு வந்தீங்க? இங்க இன்னும் என்ன மிச்சம் இருக்குதுன்னு பார்க்கவா?"

மாணிக்கவாசகம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. தண்ணி... அது வந்து... அவர் ஊத்தல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து என் வண்டியக் கழுவ வரச் சொல்லுங்க. கூடவே நானும் கவனிச்சுக்கிறேன்."

"எதுக்குங்க மெல்லமாப் பேசறீங்க? சத்தமாப் பேசுங்க."

"இல்லம்மா, அக்கம்பக்கம்..."

"அன்னைக்கு அக்கம்பக்கம் தெரியலீங்களா? தெரு முழுக்கக் கேக்கற மாதிரி எம் புருஷன் தலைல கல்லத் தூக்கிப் போட்டீங்க. இப்ப அதை எடுக்கறதுக்கு எங்காதுல வந்து குசுகுசுங்கறீங்க. தெருவுல போட்டதத் தெருவுல போயி எடுங்க. இந்தப் பழத்தையும் எடுத்துட்டுப் போங்க."

கதவு முகத்தில் அறைந்த மாதிரி மூடியது. ஆப்பிள் பையோடு வந்த வழியே திரும்பினார். அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. வீடு வந்து சேர்வதற்குள், அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பென்று தள்ள முடியாமல் அந்தக் கோபம் தானாகவே செத்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் வாசலில் செய்தித்தாளும் காபியுமாக இருக்கிற நேரத்தில், மாணிக்கவாசகம் காரைத் தெரு நடுவில் கொண்டுவந்து நிறுத்திப் பானெட்டைத் தூக்கினார். கௌரம்மாவின் கேட்டைத் தட்டினார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். முதலில் கன்னடத்தில் சொன்னார், பிறகு, யாரும் கேட்காமலேயே, தமிழிலும் சொன்னார்.

"எஞ்சினில் தண்ணீர் விட்டது ஜடையன் இல்லை. நான். பூஜைப் பொட்டைக் கழுவ நானே ஹோஸ் பிடித்தேன். பார்த்தேன் என்று சொன்னேனே, அது பொய். நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லி ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன்."

அதையே குழுவிலும் எழுதினார். முன்பு சரவெடியாக வெடித்த குழுவில் இப்போது ஒரே ஒரு கட்டைவிரல் முளைத்தது. யாரோ காலை வணக்கப் படம் ஒன்றைப் போட்டார்கள், அவர் எழுதியது மேலே போய் மறைந்தது. 'எப்படியோ, இந்த ஆட்களை நம்ப முடியாது' என்று ஒருவர் எழுதினார். பழைய போட்டோ அதற்குள் பக்கத்து இரண்டு லேஅவுட் குழுக்களுக்குப் போயிருந்தது. அங்கே இந்த மறுப்பைக் கொண்டுபோக யாருக்கும் நேரமில்லை.

கௌரம்மா மட்டும் நெருங்கி வந்தார். "உங்கள் வார்த்தையை நம்பி நானும் அந்த ஆளை அனுப்பினேன். எனக்கும் பாவத்தில் பங்கு கொடுத்துவிட்டீர்கள்," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றே ஆட்டோ பிடித்துப் போய் ஜடையனிடம் தன் வாயால் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னார் என்று பாக்கியலட்சுமிக்குப் பிறகு தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் அடுத்த வீட்டு வாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மாணிக்கவாசகம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஜடையன் கௌரம்மாவின் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளில் இரண்டுதான் திரும்பக் கூப்பிட்டிருந்தன.

"ஜடையன்," என்றார் மாணிக்கவாசகம். தமிழில், தெருவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க. என் வண்டியையும் நீங்களே கழுவுங்க."

ஜடையன் துணியைப் பிழிந்தார். நிமிர்ந்து பார்த்தார். முன்பு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வந்த சாமி இப்போது வரவில்லை.

"நீங்க தெருவுல நின்னு சொன்னதைக் கேள்விப்பட்டனுங்க. சொன்னீங்களே, அந்த மட்டும் சரி. ஆனா உங்க வண்டிய மட்டும் நானு தொட மாட்டன். நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுக்காவும் எம் பேருதான் உங்க வாயில வரும்."

"இனிமே வராது. சத்தியமா வராது."

"பிளக்குக் கெட்டுப்போச்சு, நம்பரு பார்த்து, அளவு பார்த்து, வேற வாங்கியாந்து போட்டிருப்பீங்க. வண்டி ஓடுது." ஜடையன் வாளியைத் தூக்கிக்கொண்டார். "எம் பேரக் கெடுத்தப்ப ஒண்ணையும் பார்க்கலீங்களே. இப்பக் கெட்டுப்போன பேருக்கு எந்தக் கடையிலீங்க போயி வேற வாங்கறது? ஒருத்தன் பேர வாயிலெடுக்கறதுக்கு முந்தி, கண்ணால பார்த்தமான்னு உங்களையே ஒருக்கா கேட்டுக்குங்க. அது போதும், வேற மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு மாணிக்கவாசகத்தின் காரைச் சுற்றிக்கொண்டு, கையிலிருந்த துணியின் நுனிகூட அதில் பட்டுவிடாத தூரத்தில் நடந்து, கௌரம்மா வீட்டுக் குழாயடிக்குப் போனார்.